முத்து வந்த ஊர்

நகத்தைவிடச் சற்றுப் பெரிய பூச்சி அது. வெள்ளைச் சிறகு, சுத்த வெள்ளை இல்லை, அரிசி களைந்த தண்ணீரின் வெள்ளை. அதன்மேல் வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், வரிசைகளுக்கு நடுவே சிவப்புப் புள்ளிகள். உட்கார்ந்தால் சிறகுகளை உடம்போடு சுருட்டிக்கொண்டு அணைந்த பீடித் துண்டு மாதிரி புல்லில் ஒட்டிக்கொள்ளும். காலடி பட்டால் எழும்பும். எழும்பும்போதுதான் உள்சிறகு தெரியும். அதில் புள்ளி கிடையாது, ஓரத்தில் மட்டும் மை கொட்டினாற்போலக் கறுப்பு. பத்தடி பறக்கும். மறுபடி பீடித் துண்டு. விளக்கைத் தேடுகிற இனத்தில் பிறந்துவிட்டு வெயிலில் திரிகிற பிறவி. அந்துப்பூச்சி என்று சொன்னால் பார்க்கிறவர்கள் நம்புவதில்லை, பட்டாம்பூச்சி என்றால் அந்தப் பூச்சியே நம்பாது.

ஜவ்வாது மலையில் மூன்று வருடம் அதன் நடுவே நடந்திருக்கிறேன். ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. என் கண் அப்போதெல்லாம் எங்கேயோ இருந்தது. பார்த்த நாளைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய நாளையும், அதற்கும் ஆறு வாரம் முந்தைய ஒரு மதியத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த மதியத்தைத்தான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்துமூன்று வயது. ஜமுனாமரத்தூரில் அம்மை குத்துகிற வேலை. பெரியம்மை நாட்டைவிட்டே போய்விட்டது என்று ரேடியோவில் சொல்லியாகிவிட்டது. போனது உண்மைதானா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கச் சொல்லி எங்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இல்லாத ஒன்றைத் தேடும் உத்தியோகம். கவிதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தோளில் ஒரு பை. பையில் பொடி மருந்துக் குப்பி, கவட்டை முனை ஊசிகள், காவிக் கட்டி, நோட்டு. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், யாருக்காவது காய்ச்சலோ கொப்புளமோ உண்டா, புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். குழந்தை இருந்தால் கையில் குத்த வேண்டும். சுவரில் காவியால் தேதி எழுதிவிட்டு அடுத்த வீடு. அடுத்த ஊர். அடுத்த குன்று.

என்னோடு ஒரே அறையில் தங்கி அதே வேலை பார்த்தவர் வாணியம்பாடிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எல்லோருக்கும் பாய், எனக்கும் பாய். வீட்டில் எல்லோரும் தோல் மண்டிக்குப் போக, தான் மட்டும் உயிருள்ள தோலுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். மலையில் எந்தக் குழந்தையும் அவர் குத்தி அதிகம் அழுததில்லை. குத்துவதற்கு முன்பே நாய் மாதிரி ஒருதரம் குரைத்துக் காட்டிவிடுவார். குழந்தை எந்தப் பக்கம் நாய் என்று தேடும். அதற்குள் முடிந்திருக்கும்.

அன்று சந்தை நாள். சாயங்காலம், சனங்கள் கலைகிற நேரம். புதூர்நாட்டுப் பக்கம் போகிற ஜீப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இடமில்லாமல் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். மலைச்சரிவில் கடைசியாக இருக்கும் எட்டு வீட்டு ஊர்க்காரர். என் பட்டியலில் இருந்த ஊர்.

"ஊர்ல என்ன விசேஷம்?" என்றேன், பேச்சுக்கு.

"முத்து வந்துருச்சி சார்! நாலு நாளாச்சி."

சிரித்துக்கொண்டே சொன்னார்.

அம்மையை நோய் மாதிரிப் பேசும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். கொப்புளத்தைக் கொப்புளம் என்று சொல்வது அவமரியாதை. அது முத்து. வந்தவளை முகம் சுளிக்காமல் உட்காரவைக்க வேண்டும். அழக் கூடாது, நொந்துகொள்ளக் கூடாது, வந்ததில் சந்தோஷம் என்பதுபோல நடக்க வேண்டும். அதனால், அந்த மனிதர் அழுதிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். சிரித்ததால்தான் நம்பிவிட்டேன்.

ஜீப் நகர்ந்தது. கூடவே ஓடினேன்.

"எத்தனை வூட்ல?"

"வூட்டுக் கணக்கா? ஊரே முத்துதான் சார்!"

"புள்ளைங்களுக்கு?"

"புள்ளைங்கதான் மேலெல்லாம் போட்டுக்கினு திரியுதுங்க!"

ஜீப் வளைவில் திரும்பியது. அவர் கை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. நான் சாலை நடுவில் நின்றேன். பின்னால் வந்த மாட்டுக்காரர் ஒருவர், "சாமி, வழி வுடு, மாடு உன்ன கேட்டுட்டா போவும்?" என்று அதட்டியது காதில் விழுந்தும் கால் நகரவில்லை.

இனி ஆறு வாரம் முந்தைய மதியம்.

அந்த ஊருக்குப் போகும் வழியில் ஓர் ஓடை உண்டு. முழங்கால் ஆழம். முந்தைய சுற்றில் நான் அதுவரைதான் போனேன். குதிகாலில் செருப்புக் கடி, வெயில், இதெல்லாம் காரணமே இல்லை. இரண்டு மணிக்குத் திருப்பத்தூருக்கு பஸ். ஒரு பத்திரிகையின் அந்த மாத இதழ் அங்கே கடைக்கு வந்திருக்கும். என் கவிதை அதில் இருக்கக்கூடும். அதுதான் காரணம். ஓடைக் கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து, அதற்கு முந்தைய சுற்றின் பெயர்களை அப்படியே பார்த்து எழுதினேன். எட்டு வீடு. காய்ச்சல் இல்லை. கொப்புளம் இல்லை. புதுக் குழந்தை இல்லை. அந்த மாதம் நான் எழுதியதிலேயே தடுமாற்றமில்லாமல் வந்த வரிகள் அவைதான்.

இதழில் என் கவிதை இல்லை.

அறைக்கு வந்து பாயிடம் முத்து விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். சுகாதார நிலையத்து டாக்டர் ஏதோ கூட்டத்துக்காகக் கீழே போயிருந்தார், மறுநாள் சாயங்காலம்தான் வருவார். "விடியட்டும், ரெண்டு பேரும் போவோம்" என்றார் பாய். நாடு முழுக்க இல்லை என்றாகிவிட்ட ஒன்று, என் எட்டு வீட்டில் இருக்கிறது. எட்டையும் நான் இல்லை என்று எழுதி மூடியிருக்கிறேன். அந்த வீடுகளில் இருந்த குழந்தைகளின் முகத்தை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க முயன்றேன். ஒரு முகமும் வரவில்லை. பெயர்கள் வந்தன. என் கையெழுத்தில் வந்தன.

காலையில் நடந்தோம். புரட்டாசி கடந்து மழை ஓய்ந்திருந்தது. சாமைக் கொல்லைகள் மஞ்சள் திரும்பியிருந்தன. எனக்கு அதெல்லாம் இப்போது நினைத்தால்தான் தெரிகிறது. அன்று தெரிந்தது பாயின் முதுகு மட்டும். ஓடைக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

"பாய். போன தடவ நான் இதத் தாண்டல."

அவர் திரும்பினார். "இன்னா சொன்ன?"

"தாண்டல. இங்கியே ஒக்காந்து எழுதிட்டேன்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். லுங்கியைத் தூக்கிக் கட்டினார். தண்ணீரில் இறங்கி, அக்கரை ஏறி, காலை உதறிவிட்டு அங்கிருந்து சொன்னார்:

"எனக்கு மூணு புள்ளைங்க. மூணுக்கும் நானே குத்தினேன். எம் பொண்டாட்டி ஒவ்வொரு தடவையும் நாலு நாள் என்னாண்ட பேசல. அப்பவும் குத்தினேன். நீ இன்னாடான்னா நோட்டுக்குக் குத்திட்டு வந்திருக்கே."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கவலப்படாத. நோட்டுக்கு அம்மை வராது" என்றார். "வா. எறங்கு. கையக் குடு, வழுக்கும்."

கையைக் கொடுத்தேன். நான் அக்கரை ஏறிய பிறகும் அந்தக் கையை அவர் கொஞ்ச தூரம் விடவில்லை. அன்பா, தப்பித்து ஓடிவிடுவேன் என்றா தெரியாது. இரண்டுமாக இருக்கும்.

ஊர் தெரிந்தது. ஒரு சத்தம் இல்லை. குழந்தை அழுகிற சத்தம், நாய், உலக்கை, எதுவும் இல்லை. முதல் வீட்டு வாசலில் பச்சையாக ஒரு கொத்து கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வேப்பிலை. அம்மை வந்த வீட்டில் முதலில் செய்வது அதுதான். அடுத்த வீட்டிலும் ஒரு கொத்து. பாய் மெதுவாக, "யா அல்லா" என்றார்.

கிட்டே போனோம். வேப்பிலை இல்லை. சாமைக் கதிர். முதல் கதிரை அறுத்து வாசலில் கட்டியிருந்தார்கள். பாதி பச்சை, பாதி மஞ்சள். அதைத் தொட்டுப் பார்த்தேன், நம்ப முடியாமல். ஆனாலும் ஊர் ஏன் இப்படிச் செத்துக் கிடக்கிறது?

"யாருங்க அது, கதிரப் பிச்சிக்கினு?"

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. அவள் முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சிறுவயதில் வந்து, பிழைத்து, ஆறிப்போன பழைய குழிகள். அவளைத் தாண்டிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கையில், காலில், ஒன்றுமில்லை.

"ஊர்ல முத்து வந்திருக்காமே?" என்றார் பாய், பணிவாக.

"ஆமா, வந்துகீது." அவள் முகம் மலர்ந்தது. "அதனாலதான் எல்லாரும் அறுப்புக்குப் போய்ட்டாங்க. உங்களுக்கு யாரு சொன்னா?"

அறுப்புக்கு. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மை வந்த ஊரில் அறுப்புக்கு யார் போவார்கள்?

"எங்க வந்துகீது? யாருக்கு?" என்றேன்.

"யாருக்குன்னா இன்னா கேள்வி? வா, காட்றேன்."

வீட்டுக்குப் பின்னால் கிலுகிலுப்பைச் செடிகள் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தன. மஞ்சள் பூ முடிந்து காய் காய்ந்திருந்தது. காற்றுக்கு உள்ளே விதை உருண்டு கலகலவென்றது. அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் செடியை ஓங்கி ஓர் அறை அறைந்தாள்.

செடி வெள்ளையாகச் சிதறியது.

நூறா, இருநூறா, எண்ணவில்லை. வெள்ளைச் சிறகுகள், சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி, எழும்பி, அலைந்து, எங்கள் சட்டையில், பாயின் தாடியில், குழந்தையின் தலையில் வந்து ஒட்டிக்கொண்டன. குழந்தை சிரித்தது.

"இதான் முத்து" என்றாள். "இத்தப் பாக்கவா ரெண்டு பேரு கீழேர்ந்து வந்தீங்க? சர்க்காருல வேற வேல இல்லியா?"

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார வேண்டும் என்று உட்காரவில்லை. உடம்பு தானாக இறங்கிக்கொண்டது. மூச்சு ஒன்று உள்ளே ரொம்ப நேரமாக மாட்டியிருந்திருக்க வேண்டும். அது வெளியே வந்த சத்தம் எனக்கே விகாரமாக இருந்தது. பாய் தாடியிலிருந்து ஒரு பூச்சியை நோகாமல் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பாத்து சொல்லு. பெரியம்மையா, சின்னம்மையா?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: சின்னம்மை என்றால் ஒன்று மொட்டாக இருக்கும், ஒன்று பழுத்திருக்கும், ஒன்று காய்ந்திருக்கும். பெரியம்மை என்றால் எல்லா முத்தும் ஒரே பருவத்தில் இருக்கும். கையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். கறுப்பு வரிசை, சிவப்பு வரிசை, மறுபடி கறுப்பு. ஒன்றுக்கொன்று அளவில் பிசகாத புள்ளிகள். சிவப்பு சில இடத்தில் சற்றே நீண்டு, குங்குமம் தொட்ட விரல் இழுபட்ட மாதிரி. சிறகின் ஓரம் முழுக்கக் கறுப்பு மணிகள் வரிசையாகத் தைத்திருந்தன. அந்த அழகைப் பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது, அழகுக்காக இல்லை.

"பெரியம்மைதான் பாய். எல்லாம் ஒரே பருவம்."

பாய் சிரித்த சிரிப்பில் செடியில் மிச்சமிருந்ததும் பறந்தது.

அந்தப் பெண்ணுக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை. விளக்கினோம். கேட்டுவிட்டு, வாயில் கைவைத்துக்கொண்டாள். கிலுகிலுப்பைக் காய் காய்ந்து இந்தப் பூச்சி எழும்பினால் சாமை அறுக்கலாம் என்று கணக்காம். முத்து வந்துருச்சி என்றால் அவர்கள் ஊரில் கத்தியைத் தீட்டு என்று அர்த்தம். பிள்ளைகள் பிடித்துச் சட்டையில் ஒட்டிக்கொண்டு திரிவார்கள். கோழி கொத்தாது, கொத்தினாலும் துப்பிவிடும்.

"ஏன் முத்துன்னு பேரு?" என்று கேட்டேன்.

"மேல போட்டுக்கினு கீதே, தெரியல?" அவள் தன் கன்னத்தை விரலால் ஒருதரம் தொட்டுக்கொண்டாள். "எங்க மேல போட வேண்டியத அது றெக்கையில வாங்கிக்கிச்சுன்னு சொல்லுவாங்க. அது வாங்கிக்கிட்டது போக மீதி எனக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அதே முகத்தோடு, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ போன தடவ வரல இல்ல?"

பாய் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"ஓடைக்கு அந்தாண்ட, கல்லுமேல ஒக்காந்துக்கினு எழுதிக்கினே இருந்த. மேலேர்ந்து பாத்தோம். லெட்டர் எழுதுறாரு, முடிச்சிட்டு வருவாருன்னு எம் புருஷன் சொன்னாரு. நானு களி கிண்டி வெச்சிருந்தேன். நீ பையத் தூக்கிக்கினு வந்த வழியே போய்ட்ட."

"தப்புதாங்க" என்றேன்.

"களி கெட்டா போச்சு, நாங்க தின்னுட்டோம்" என்றாள். "இந்தக் கொழந்தைக்கு அப்ப ரெண்டு மாசம். குத்திடுவ, முடிஞ்சிடும்னு பாத்தேன். என் மூஞ்சி மாதிரி இவனுக்கு ஆவக் கூடாதில்ல?"

அதுவரை நான் நிம்மதியில் மிதந்துகொண்டிருந்தேன். நிம்மதிக்கு அடியில் தரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அந்தக் கேள்வி காட்டியது. புதுக் குழந்தை இல்லை என்று எழுதியிருந்தேனே, அந்த இல்லை இவன்தான். ஈரமான கண்கள், இடது காதோரம் ஒரு மச்சம், தலையில் இன்னும் ஒரு பூச்சி. பெயரைக் கேட்டேன். இன்னும் வைக்கவில்லை என்றாள்.

குப்பியை உடைத்து மருந்தைக் கரைத்தேன். பாய், "நான் குத்தட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் குரைக்கத் தயாரானார். அதுவும் வேண்டாம் என்றேன். சின்னத் தோளைப் பிடித்து, முனையில் மருந்துத் துளி தங்கிய ஊசியால் ஒரே இடத்தில் பதினைந்து குத்து. குழந்தை மூச்சைப் பிடித்து, முகம் சிவந்து, மலையே கேட்கிற மாதிரி அழுதது. அத்தனை தெம்பான அழுகை. அதைக் கேட்டுக்கொண்டே நிற்கலாம்போல இருந்தது.

பிறகு கொல்லைக்குப் போய், அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதினேன். ஜீப்பில் தொங்கிக்கொண்டு போனவரும் அங்கே இருந்தார். விஷயம் தெரிந்ததும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அதான் சார் ஜீப்பு பின்னால ஓடியாந்தியா? கூட வரத்தான் ஓடியாரன்னு நெனச்சி, எடமில்லன்னு நானு கையக் காட்டிக்கினே போறேன்!" எட்டு வீடு என்று எழுதியிருந்தேன், ஒன்பது இருந்தது. ஒன்பது சுவரிலும் தேதி எழுதினேன்.

சாயங்காலம் டாக்டர் வந்ததும் நோட்டைக் கொண்டுபோய் வைத்தேன். பழைய பக்கத்தில் குறுக்கே கோடு போட்டு, "போகவில்லை" என்று எழுதியிருந்தேன். பாய் வாசல் வரைக்கும் கூட வந்தார், உள்ளே வரவில்லை.

"இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"கோடு?"

"அதுவும் நான்தான்."

அவர் கால் மணி நேரம் திட்டினார். நல்ல திட்டு, ஒரு சொல் வீணில்லாமல். சோறு தின்கிறாயா என்பதில் ஆரம்பித்து மனிதன்தானா என்பதில் முடித்தார். உன் பெயரில் இருக்கிற அத்தனை ஊருக்கும் முதலிலிருந்து போ, நாளைக் காலையில் ஆரம்பி என்றார். வெளியே வந்தபோது எனக்குப் பசித்தது. முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எட்டாம் நாள், குத்தியது பிடித்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி அந்த ஊருக்குப் போனேன். தனியாக. ஓடையை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை. அவள் வாசலில் புடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை முறத்துக்குப் பக்கத்தில் துணியில் கிடந்தது. தோளில் ஒரே ஒரு கொப்புளம், நடுவில் குழி விழுந்து, சுற்றிலும் சிவந்து, பழுத்துக்கொண்டிருந்தது. பிடித்திருந்தது. இனி அவன் முகத்துக்கு எதுவும் வராது.

"நல்லாப் பிடிச்சிருக்குங்க" என்றேன்.

"பிடிக்காம? ரெண்டு நாளா காய்ச்சல். கீழ வெச்சா அழுவுறான், தூக்குனா அழுவுறான். நானும் தூங்கல, அவனும் தூங்கல. அறுப்பு வேற." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். உமி பறந்தது. "ஒக்காந்து ஒக்காந்து உன்னத்தான் திட்டினேன். கீழ கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன்.